கடைசி வசனம் எனக்கு

இல்லண்ணே, நகர மாட்டேன். போலீசக் கூப்பிடுங்க, அந்த டைரக்டரையும் கூப்பிடுங்க. இந்த டப்பிங் ரூம் வாசல்ல இருந்து என்னத் தள்ளிவிட ரோமாபுரியில ஆளு இருந்தா வரட்டும், பாக்கிறேன். நீங்க ஏன் பயப்படுறீங்க? உங்கமேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நாலு படமா எனக்குக் குரல் குடுக்கிறீங்க, இன்னிக்குத்தான் மூஞ்சியப் பாக்கிறேன். இவ்வளவு ஒல்லியா இருப்பீங்கன்னு நினைக்கலண்ணே. இந்த உடம்புல இருந்தா அந்த இடி முழக்கம் வருது!

நான் என்ன பெருசாக் கேட்டுட்டேன்? படம் பூரா நீங்களே பேசுங்க. கடைசியில சங்கிலிய அறுத்து எறிஞ்சுட்டு அடிமைங்களப் பாத்து, எந்திரிங்க, வீட்டுக்குப் போகலாம்னு சொல்ற இடம் இருக்குல்ல, அது ஒண்ணு மட்டும் எனக்கு.

என்ன சிரிப்பு? ஓ, ஷூட்டிங்ல நான் அதச் சொல்லவே இல்லன்னு சிரிக்கிறீங்களா? சரிதான், சொல்லல. நம்பர் எண்ணினேன். எப்படியும் பின்னாடி வேற ஆள்தான் பேசப்போறான், வாய் அசைஞ்சாப் போதும், எண்ணுடான்னுதானே எங்களுக்குச் சொல்றாங்க. ராணிகிட்டக் காதலச் சொல்றப்ப இருவத்தேழு வரைக்கும் போனேன். அந்தப் பொண்ணு கண்ணுல நிஜமாவே தண்ணி. நாப்பது வரைக்கும் போயிருந்தா கல்யாணமே ஆயிருக்கும்.

போஸ்டர்ல எம் பேரு டக் ஹார்டன். அமெரிக்காக்காரனாம். அமெரிக்கப் பேரு இருந்தாத்தான் நம்ம இத்தாலிக்காரன் டிக்கெட் எடுப்பானாம். வெச்சுக்கிட்டுப் போங்கன்னு விட்டேன். நான் லிவோர்னோ துறைமுகத்துல மூட்டை தூக்குன நெல்லோ பர்சொத்தி. எடை தூக்கி, ஆணழகன் பட்டம் வாங்கி, அப்புறம்தான் வாளும் வார்ச்செருப்புமா இந்த ராஜா காலத்துப் படங்க. நான் தூக்குற தூணு காகிதக்கூழு, ஒத்துக்கறேன். ஆனா டிசம்பர்ல இடுப்புத்துணியோட, உடம்பு பூரா எண்ணெயோட நின்னேனே, அந்தக் குளிரு நிஜம். சிங்கம் நிஜம். கிழச்சிங்கம்தான், பாக்கி இருந்தது ரெண்டு பல்லு. அந்த ரெண்டும் இந்தாங்க, இந்தத் தோள்லதான் இறங்குச்சு. அங்கெல்லாம் நான் வேணும். பேசுறதுக்கு மட்டும் நான் ஆகாது!

டைரக்டரு என்ன சொன்னாருன்னு தெரியுமா? நான் வாயத் தொறந்தா மீன் நாத்தம் அடிக்குதாம். மாவீரன் லிவோர்னோப் பேச்சு பேசுனா ஜனம் சிரிக்குமாம். சிரிக்கட்டுமே! எங்க ஊர்க்காரன் சங்கிலி அறுக்க மாட்டானா? எங்க ஊர்ல அடிமைங்க யாரும் வீட்டுக்குப் போகலயா?

வாயசைவு ஒட்டாதுன்னு சொல்லாதீங்க. ஒட்டும். நான் எண்ணுன நம்பர் ஞாபகம் இருக்கு, கண்ணாடி முன்னாடி நின்னு அதுக்கேத்தாப்ல பழகிட்டேன். ஒரே ஒரு தடவ பேசிக்காட்டுறேன். நல்லா இல்லன்னா நீங்களே அழிச்சுட்டுப் பேசிக்கங்க.

இல்ல, அழிக்கக் கூடாது. அதையும் சொல்லிடுறேன்.

ஒரு வசனத்துக்கு எதுக்கு இவ்வளவு அடம்னு கேக்கிறீங்களா? ஒண்ணுமில்லண்ணே. போன படம் எங்க ஊர்த் தியேட்டருக்கு வந்துச்சு. எங்கப்பா ஞாயித்துக்கிழமைக் கோட்டு மாட்டிக்கிட்டு, துறைமுகத்துக் கூட்டாளிங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு முன்வரிசையில போய் உக்காந்தாரு. சண்டையில அத்தன பேரும் விசிலடிக்கிறானுங்க, இவரு மட்டும் கம்முனு இருந்தாராம். லைட்டு போட்டதும் பக்கத்துல இருந்தவரக் கேட்டிருக்காரு, ஏம்ப்பா, எங்க நெல்லோ வந்தானா, அவனுக்கு வசனமே குடுக்கலயான்னு.

கண்ணு போய் ரெண்டு வருஷமாச்சுண்ணே அவருக்கு. நீங்க நல்லாத்தான் பேசியிருந்தீங்க, அதுல குறை சொல்லல.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? டைரக்டரு வந்தா திட்டுவாரே, பரவாயில்லயா? சரி. மைக்க இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்கண்ணே. நான் உசரம்.