ஜகதாம்பாளின் நல்ல உடம்பு

என் தங்கை ஜகதாம்பாளுக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்லை, இன்ஸ்பெக்டர் பாபு. அப்படிப்பட்ட உடம்பு நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

நான் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஹோமியோபதியில் எனக்குப் பித்து. நல்ல உடம்புக்காரருக்கு ஒரு மருந்தைக் கொடுத்தால் என்னென்ன உபாதை வருகிறதோ, அதே உபாதையுள்ள நோயாளியை அந்த மருந்து குணப்படுத்தும் என்பது எங்கள் சித்தாந்தம். ஆகவே முதலில் ஒரு நல்ல உடம்பு வேண்டும். அந்த ஆசாமி வெங்காயம், மசாலா, வெற்றிலை எதையும் தொடக் கூடாது. பவானிபூரில் அப்படி யார் இருக்கிறார்கள்? கணவனைப் பறிகொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தவள் அப்படித்தான் இருந்தாள். சாஸ்திரமே அவளை எனக்காகத் தயார்செய்து வைத்திருந்தது. என்மேலேயே சோதித்துப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். எனக்கு ஆபீஸ் இருக்கிறது.

மருந்து உருண்டைகளைச் சம்மதித்துத்தான் சாப்பிட்டாள். வாரக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. தலைநகரம் நம் ஊரை விட்டு டில்லிக்குப் போகிறதே என்று என் வைத்திய நண்பர்கள் கூடிப் புலம்பிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அண்ணா, இந்தச் சீனி உருண்டையை எறும்புக்குப் போடுங்கோ. அதுவாவது சந்தோஷப்படும்." அவர்களுக்கும் புரியட்டும் என்று அதையே வங்காள பாஷையிலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் உருண்டையை நிறுத்திவிட்டு, வசநாவி வேரின் சாற்றை நீர்க்கவிடாமல் கொடுத்தேன், அவ்வளவுதான். வசநாவி விஷம்தான். எங்கள் மருந்துப் பெட்டியில் பாதி விஷம்தான்.

பலன் தெரிந்தது. "உதடெல்லாம் எறும்பு ஊர்றது அண்ணா, விரல் மரத்துப் போறது" என்றாள். எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்ததை மறைக்கவில்லை. பிறகு குடத்தைத் தூக்க முடியவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. ஒருநாள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "போதும் அண்ணா. எனக்குச் சாகப் பயமா இருக்கு." சரி, நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

ஏகாதசியன்று அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பூஜைத் தீர்த்தம் மட்டும்தான். வெறும் வயிறு. மருந்தின் குணம் கலப்பில்லாமல் தெரிய அதைவிடத் தோதான நாள் கிடைக்குமா? தீர்த்தத்தில் கலந்தேன். மருந்து வேண்டாம் என்றவள் கையைக் குவித்து வாங்கிக் குடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். காபி மருந்தை முறித்துவிடும் என்று எங்கள் புத்தகங்கள் சொல்கின்றன. நான் அதை முழுக்க நம்புகிறவன். அவளிடமும் சொல்லியிருந்தேன். "ஒரு வாய் காபி, அண்ணா" என்றாள். என் மனைவி பாகீரதி டம்ளரோடு ஓடிவந்தாள். நான் அதை வாங்கி முற்றத்தில் கொட்டினேன். விளக்கு வைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

அன்று ஏகாதசி, இன்ஸ்பெக்டர் பாபு. தங்கையின் விரதம் கெடுவதை எந்த அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான்?