ஈ உக்காராத கருவாடு

– ஒத்த ஈ! ஒரே ஒரு ஈயக் காட்டிரு தாயி, இந்த முத்தழகு கூடையோட தூக்கிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிர்றேன். தொண்டி பஸ்டாண்டுல இருவது வருசமா கருவாடு விக்கிறவ. எங்கிட்டயா?

– அதத்தான்க்கா நானும் கேக்குறேன். ஏன் உக்கார மாட்டேங்குது?

– எது?

– ஈதான். அங்கன டீக்கடைப் பூந்தித் தட்டுல அப்பிக் கெடக்கு. ஒங்க கூடை நாலு எட்டு தள்ளி இருக்கு. பஸ்ஸ விட்டு எறங்கும்போதே கருவாட்டு வாசம் எனக்குத் தூக்குது. ஈக்கு மட்டும் மூக்கடைப்பா?

– சுத்தம் தாயி, அம்புட்டும் சுத்தம்! தாசில்தார் வீட்டம்மா நம்மகிட்டத்தான் ஆள் விட்டு வாங்குறாக, தெரியுமா? ஊரு ஒலகத்துல ஈ மொய்க்குதுன்னு மொகஞ்சுளிப்பாக. நீ மொய்க்கலன்னு சடச்சுக்கிற. ஒம் பேரென்ன, எந்தூரு?

– நஸீரா. தேவிபட்டினம்.

– ஏன், தேவிபட்டினத்துல கடலு வத்திப்போச்சா? கருவாட்டுக்கு இம்புட்டுத் தூரம் வந்திருக்க?

– ஒங்க பேரு அங்கன வரைக்கும் வந்திருச்சுக்கா. ஈ உக்காராத கருவாடுன்னு. எங்கண்ணன் சவுதியில, தமாம்ல இருக்காரு. நாளைக்கழிச்சு அவரு கூட்டாளி ஒருத்தரு பயணம். அஞ்சு கிலோ குடுத்துவிடணும்.

– அஞ்சு கிலோவா! அடி ஆத்தி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். நெத்திலி மூணு, சாளை ரெண்டு போடவா? ஓலைப் பெட்டியில கட்டித் தாரேன், பிளேன்ல போனாலும் நமுக்காது.

– இருங்கக்கா. ஒரு ஈ உக்காரட்டும். உக்காந்தாத்தான் வாங்குவேன்.

– வெயிலு தலைக்கு ஏறிருச்சா ஒனக்கு? ஏலே இருளாண்டி! டீ ஆத்துனது போதும், இங்கன வா. இந்தப் புள்ள ஈ உக்காந்தாத்தான் கருவாடு வாங்குமாம்!

– வந்துட்டேன் மதினி. எங்கடைக்கு வாரவுக எல்லாம் ஈய ஓட்டுய்யாங்கிறாக. இவுக கூப்புடுறாக. நான் பொதுவாச் சொல்றேன், இவுக எங்கடைக்கு வந்திருக்க வேண்டியவுக. தங்கச்சி, ஒரு டீ போடவா?

– டீ வேணாம்ண்ணே. பஸ்ஸுல வரும்போதே ரெண்டு தடவ வாந்தி. ஊறுகா இருந்தா ஒரு துண்டு குடுங்க.

– டீக்கடையில ஊறுகாயா? சரி, என் சோத்துக்குக் கொண்டாந்த நார்த்தங்கா இருக்கு, தாரேன்.

– அப்படியே அந்தப் பூந்தித் தட்டையும் தூக்கிட்டு வாங்கண்ணே. கூடைக்குப் பக்கத்துல வைப்போம்.

– கேட்டியா மதினி? எங்கடை ஈக்கும் ஒரு வேலை வந்திருச்சு. இந்தா, வச்சாச்சு. தட்டு இங்கன, கூடை அங்கன, நடுவுல ஒரு சாணு. முப்பது உருப்படி தேறும். எல்லாம் நான் இனிப்புப் போட்டு வளத்தது.

– ஒண்ணு கெளம்பிருச்சு பாரு! வா ராசா, வா. நெத்திலி ஒனக்குத்தான்.

– சுத்துது.

– சுத்தத்தான் செய்யும். எது நல்ல எடமுன்னு பாக்குதுல்ல?

– பாத்துட்டுப் பூந்திக்கே திரும்பிருச்சுக்கா.

– இவங்கடையில வளந்ததுக்குக் கருவாட்டு ருசி என்ன தெரியும்? இரு, இன்னொன்னு வருது. பெரிய பச்ச ஈ, கருவாட்டுக்குன்னே பொறந்தது.

– உக்காந்திருச்சு மதினி! சாளைத் தலையில உக்காந்திருச்சு!

– எடு தாயி பைய! பேச்சுன்னா பேச்சு!

– எடுக்குறேன்க்கா. செத்தப் பொறுங்க. எனக்கு அடுத்த பஸ்ஸு பதினோரு மணிக்குத்தான். அது என்ன செய்யுதுன்னு பாத்துக்கிட்டு இருப்போம்.

– ஈ என்ன செய்யும்? காலத் தேய்க்கும்.

– தேய்க்கட்டும்.

– மதினி, நான் போயி மூணு டீ போட்டுக் குடுத்துட்டு, கண்ணாடி கிளாஸும் கழுவி வச்சுட்டு வந்துட்டேன். இன்னும் ரெண்டு பேரும் அத மொறச்சுக்கிட்டா இருக்கீக?

– தள்ளி உக்காருலே, நெழல் விழுகுது. இப்ப ஒரு மாதிரி ஆடுது.

– றெக்கையப் பாருங்கக்கா. நடுங்குதுல்ல?

– காத்துக்கு நடுங்குது.

– இப்ப?

– மல்லாந்திருச்சு மதினி.

– எங்க வீட்டுப் பூனையும் இப்படித்தான்க்கா. கருவாட்டுத் தலையா வாங்கி வாங்கித் தின்னுச்சு. ஒரு நாளு ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுச்சு. மூணாம் நாளு அடுப்படியில மல்லாந்து கெடந்துச்சு. புள்ள மாதிரி வளத்தேன். என்னக்கா போடுறீங்க இதுல?

– உப்பு.

– உப்புக்கு ஈ சாகுமா?

– நல்ல உப்பு தாயி.

– அக்கா, ஒங்கள நான் சண்டைக்கு இழுக்க வரல. என்னத்தப் போடுறீங்கன்னு சொன்னாப் போதும்.

– கொஞ்சூண்டு மருந்து. மருந்துதான, வெசமா? கவருமெண்டு மருந்து. மலேரியாக்காரரு வீட்டுக்கு வீடு வந்து, அடுப்படி வரைக்கும் அடிச்சுட்டு, செவுத்துல தேதி எழுதிட்டுப் போறாருல்ல, அந்த டிடிடி பவுடரு. எங்க வீட்டுல அடிச்ச அன்னைக்கி மூட்டப்பூச்சி எல்லாம் ஊர்வலம் கெளம்புன மாதிரி வெளியேறிருச்சு. அப்பத்தான் எனக்குப் புத்தியில தட்டுச்சு. அடுப்படிக்கே ஆகும்னா கருவாட்டுக்கு ஆகாதா?

– அவரா கருவாட்டுல போடச் சொன்னாரு?

– அவரு பாவம், நல்ல மனுசன். ஈத் தொல்லை தாங்கலன்னேன், சுத்தித் தரையில தூவுன்னுதான் குடுத்தாரு. நீயே சொல்லு தாயி, தரையில தூவுனா ஈ எந்திரிச்சு எங்க போகும்? மீனுக்குத்தான் போகும். அதான் மீனுலயே தூவிட்டேன்.

– ஒன் மூளைக்கு நீ கலெக்டரா இருக்க வேண்டியவ மதினி. போன மாசம் எம் பூந்திக்கு ஒரு கைப்பிடி கேட்டேன், இல்லைன்னுட்ட. ஒன் கஞ்சத்தனம் தொண்டி சனத்தக் காப்பாத்திருச்சு.

– நீ சும்மா இருலே. கண்ணுக்கே தெரியாம ஒரு சிட்டிகை. அதையும் ஒதறிட்டுத்தான் விக்கிறேன்.

– எங்க ஒதறுவீங்க?

– ஓடக்கரையில. சாக்கையும் அங்கனதான் அலசுவேன்.

– மதினி, அந்த ஓடையிலதான ஆடி மாசம் நண்டெல்லாம் செத்து மெதந்துச்சு? நீ வெயிலுன்னு சொன்ன.

– வெயிலுதான்.

– அங்கன நின்ன கொக்குகளையும் காணோம். நான் பொதுவாச் சொல்றேன், காக்காயும்தான் காணோம். மூணு மாசமா எங்கடையில ஒரு வடை களவு போகல. எனக்கு ராசி திரும்பிருச்சுன்னுல்ல நெனச்சேன்!

– காக்காயா? ஏலே, ஆடி அமாவாசைக்கு எங்கய்யாவுக்குப் படையல் வச்சேன்ல...

– ஆமா, மத்தியானம் வரைக்கும் கா கான்னு கத்துனியே. ஒரு காக்கா வரல. கடைசியில ஒன் தொண்டைக்குப் பயந்து நான்தான் ஓடிவந்தேன்.

– அய்யா கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சேன் தாயி. என்ன தப்புப் பண்ணுனேனோன்னு அழுதுக்கிட்டே ராமேஸ்வரம் பஸ்ஸேறி, கடல்ல முங்கி, இருவத்திரெண்டு தீர்த்தமும் தலையில ஊத்தி, மன்னிச்சிருங்கய்யான்னு ஈரச்சேலையோட நின்னேன். அப்ப அய்யாவுக்கு எம்மேல கோவம் இல்லையா?

– இல்லக்கா. வந்து திங்கக் காக்காதான் இல்ல.

– அடப்பாவி மனுசா, நல்லா இருந்துக்கிட்டே என்ன அழவிட்டுட்டாரே! ஆனா நஸீரா, நீ சொல்றது மெய்தானா? அது அம்புட்டுப் பொல்லாததா?

– ராமநாதபுரத்துல டாக்டரம்மாகிட்டப் பூனையப் பத்திச் சொன்னேன். டிடிடி வேலையாத்தான் இருக்கும்னு அவுகதான் வெளக்குனாக. அது கழுவுனாலும் முழுசாப் போகாதாம், கொழம்பு கொதிச்சாலும் போகாதாம். ஒடம்புக் கொழுப்புல போயி ஒட்டிக்கிருமாம். நண்டத் தின்ன கொக்குக்கு நண்டுல இருந்தது அம்புட்டும் சேரும், ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு ஏறிக்கிட்டே போகும்னாக. தாயி தின்னா பாலுல எறங்குமாம்க்கா.

– பாலுலயா?

– பாலுலதான்.

– எத்தன வீட்டுக்குக் குடுத்திருப்பேன்! எல்லாம் தெரிஞ்ச மொகம். சேதுலட்சுமி வாங்கிட்டுப் போவா, கைப்புள்ளக்காரி. ரெண்டு தலை கூடப் போடுக்கான்னு சிரிச்சுக்கிட்டுக் கேப்பா. நானும் போட்டுக் குடுத்தேனே.

– அழாதீங்கக்கா. தெரியாமப் போட்டீங்க. இன்னையோட விட்டுருங்க. திங்கிறத நிறுத்திட்டா மேக்கொண்டு சேராது, பயப்படாதன்னு டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்புனாக.

– இருளாண்டி, தூக்குலே கூடைய! கடல்ல கொட்டிட்டு வந்துருவோம்.

– கடல்ல கொட்டி, அத மீனு தின்னு, அந்த மீன நீ ஏலத்துல எடுத்து, மறுபடி கருவாடு போடவா? பொதுவாத்தான் சொல்றேன்.

– அப்ப மேட்டுல ஆழமாக் குழி தோண்டுவோம். கெணத்துப் பக்கமும் வேணாம், ஓடைப் பக்கமும் வேணாம். சேதுலட்சுமி வீட்டுக்கு இன்னைக்கே போயிச் சொல்லிர்றேன். வையிறவ வையட்டும். போச்சு, இருவது வருசப் பேரு. ஒன் அஞ்சு கிலோவும் போச்சு.

– பின்னால சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அது என்னக்கா?

– அதக் கேக்காத தாயி, வெக்கக்கேடு. முந்தாநேத்துக் காஞ்ச நெத்திலி. பவுடரு தீந்துபோச்சு. இனி சனிக்கெழமைதான் அவரு கொண்டாருவாரு. அதுவரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு பொத்தி வச்சிருக்கேன். தொறந்தா ஈக் காடு.

– தொறங்க!

– பஸ்டாண்டே பாக்குது. மானம் போயிரும்.

– தொறங்கக்கா!

– இந்தா, தொறந்துட்டேன். நல்லாப் பாத்துக்க.

– மதினி! எங்கடை ஈ அம்புட்டும் இங்கன வந்திருச்சு! தட்டுல ஒண்ணு மிச்சமில்ல. ரெண்டு வருசமா இனிப்புப் போட்டு வளத்தேன், ஒரு நிமிசத்துல கச்சி மாறிருச்சுக!

– அல்ஹம்துலில்லாஹ்! ஒண்ணுகூட மல்லாரல. இதுலயே அஞ்சு கிலோ போடுங்கக்கா. அதுக தின்னு முடிக்கிறதுக்குள்ள போடுங்க.

– ஈ மொய்க்கிற கருவாட்டப் பாத்துப் பல்லுத் தெரியச் சிரிக்கிற மொத ஆளு நீதான். சரி, இனிமே நான் இதுகளோட எப்படிக் குடும்பம் நடத்த?

– உப்ப நல்லாப் போடுங்க. காயும்போது மேல கொசுவலைய இழுத்துக் கட்டுங்க. அம்புட்டுத்தான்.

– கொசுவலையா? ஏலே, ஒங் கல்யாணத்துக்கு வந்த கொசுவலை சும்மாத்தான பரணுல கெடக்கு?

– ஆகா, கடைசியில என் வீட்டுக்கு வந்துட்டியா? தாரேன். ஆனா எங்கடை ஈய எல்லாம் திருப்பி அனுப்பிரணும்.

– இந்தா தாயி, அஞ்சு கிலோ, மேல ஒரு கை. எடைக்கு மேல போட்டது ஒனக்கு. சனிக்கெழமை மலேரியாக்காரரு வரட்டும், ஒம்ம பவுடரே வேணாம்னு சொல்லிர்றேன். பாவம், அவருக்குத்தான் இனிமே கருவாடு கெடையாது.

– ஏன், அவருக்கும் குடுப்பீங்களா?

– பவுடருக்குக் காசு வாங்க மாட்டாரு. வாராவாரம் அரைக் கிலோ கருவாடு வாங்கிட்டுப் போவாரு. பொஞ்சாதிக்கு நாலு மாசமாம். வேற எதுவும் தொண்டையில எறங்கலையாம், கருவாடு இருந்தாத்தான் நாலு வாயி திங்கிறாளாம். வாயும் வயிறுமா இருக்கவளாச்சேன்னு நானே ஈ உக்காராததாப் பாத்துப் பொறுக்கி... ஆத்தி! இருளாண்டி, அந்தப் புள்ளைக்கு யாரு போயிச் சொல்லுவா? எந்தூருன்னுகூட நான் கேக்கலையேடா!

– யாரும் போக வேணாம்க்கா. சனிக்கெழமை அவரு வந்தா வெறுங்கையோட விட்டுறாதீங்க, ஈ மொய்க்கிறதாப் பாத்து அரைக் கிலோ குடுத்துவிடுங்க. இருளாண்டியண்ணே, ஊறுகா இன்னொரு துண்டு குடுங்க. அந்த மசக்கைக்காரி நான்தான்.