அண்ணே என்று கூப்பிட்டவன்

எனக்கு முட்டிவலி உண்டு, உட்கார்ந்தே சொல்கிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம், அவசரமில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினான்கு வருடம் நானும் அவனும் ஒரே ஜோடி. கைப்பிடி இல்லாத இடத்திலும் ஏறி நிற்பான் என்பதால் அவனுக்குக் குருவி என்று பெயர். வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் அதையெல்லாம் பார்ப்பவனில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது காவலாளிகள் அவன் பையை மட்டும் திறக்கச் சொல்வார்கள். "இவன் நம்மாளுங்க, நான் பொறுப்பு" என்று சொல்லி, நானே அதைத் திறந்து காட்டிவிடுவேன். எங்கள் நட்பு அப்படி.

எங்களுக்கு ஒரே வயது; சொல்லப்போனால் நாலு மாதம் அவன்தான் மூத்தவன். இருந்தாலும் அவன் என்னை 'அண்ணே' என்பான், நான் அவனை 'டேய்' என்பேன். யாரும் சொல்லி வைக்கவில்லை. தானாக அமைந்தது.

போன வருடம் சூப்பர்வைசர் தேர்வு வைத்தார்கள். இருவரும் எழுதினோம். அவன் தேறினான். முடிவு தெரிந்ததும் ஓடி வந்து, எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டான்.

"உன்னாலதான்டா. சத்தியமா உன்னாலதான்."

பக்கத்தில் நின்ற ஸ்டோர்காரர் சிரித்தார். "என்னப்பா, 'அண்ணே' போயி 'டா' வந்துடுச்சா?"

"பதினாலு வருஷமாச்சு. இன்னும் என்னங்க அண்ணே நொண்ணேன்னு? ஃப்ரெண்டுதானே" என்றான் குருவி.

நானும் சிரித்தேன். கோபப்படவில்லை. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். பிறகு மூன்று மாதம் அப்படியேதான் கூப்பிட்டான். ஒருநாளும் அதட்டியதில்லை. சூப்பர்வைசர் ஆன பிறகும் ஆபத்தான இடத்தில் ஏறுவது அவன்தான். "உனக்கு முட்டி வலிக்கும், நீ சுவிட்ச் ரூம்ல உட்காருடா" என்பான். அதிகாரம் பண்ணியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. ஒன்பது மாடிக் கட்டடம், பழைய லிஃப்ட். மொட்டைமாடி அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, 'ஆள் உள்ளே' என்ற சிவப்பு அட்டையில் தேதி எழுதி அவனே மாட்டினான். பிறகு ஐந்தாவது மாடிக் கதவைத் திறந்து, லிஃப்டின் தலைமேல் இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டான். லிஃப்ட் ஏறினால், அதற்கு எதிர்எடையான இரும்புப் பாளம் பக்கத்திலேயே இறங்கும். அந்தப் பக்கம் சாய்ந்துதான் அவன் கயிற்றைத் துடைப்பான். பதினான்கு வருடம் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாவது மாடியில் ஒரு அம்மா பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றார். படியில் என்னைப் பார்த்ததும், "இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்றார்.

"இதோ வந்துடும்மா" என்றேன்.

மேலே போய் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். கீழேயிருந்து "டேய்" என்று ஒரு சத்தம் வந்தது. 'அண்ணே' என்று கூப்பிட்டிருந்தால் அணைத்திருப்பேனோ என்னவோ. அவனை வெளியே தூக்கும்போதே உயிர் இல்லை.

விசாரணையில், அவன் சுவிட்சை அணைக்கவே மறந்துவிட்டான் என்றேன். காலையிலிருந்தே குடித்த வாடை அடித்தது என்றும் சொன்னேன். அவன் குடிப்பவனில்லை. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கால்வாய்ப் பக்கத்து ஆள் என்றதும் எழுதிக்கொண்டார்கள். அந்த அட்டையில் அன்றைய தேதி அவன் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்து, என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், இன்ஸ்பெக்டர் சார். கேட்டதால் சொல்கிறேன். அவனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விசாரணைக்குப் பிறகு கால்வாய்ப் பக்கத்து ஆட்கள் நாலு பேரை வேலையை விட்டு நிறுத்தியது கம்பெனி. அது கம்பெனி எடுத்த முடிவு, எனக்குச் சம்பந்தமில்லை.

போன வாரம் அவன் மனைவி என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அவரு குடிச்சாராண்ணே? எனக்கே தெரியாம குடிச்சாரா?"

"விடும்மா. போனவனப் பத்தி என்னத்தச் சொல்றது?"

தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விட்டாள். நாம் எவ்வளவுதான் சமமாக நடத்தினாலும் அவர்களுக்கு அது வருவதில்லை. அதுதான் என் வருத்தம்.