செங்கோடன் போட்ட அலை டிசைன்

அட, பின்னால நிக்கற தம்பிகளா, உக்காருங்கப்பா! பந்திக்கு இன்னும் இலை போடலை. நான் விசாரிச்சுட்டுத்தான் மைக்கையே பிடிச்சேன். இலை விழறதுக்குள்ள நம்ம பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு சின்னக் கதை சொல்லிப்போடறேனுங்க.

கோயமுத்தூர்ல, கணபதிப் பக்கம், செங்கோடன்னு ஒருத்தர் கார்ப் பட்டறை வெச்சிருந்தார். சும்மா ஆயில் மாத்தற பட்டறை இல்லீங்க. பழைய காரைப் பிரிச்சு, கூரையைக் கழட்டி, பெரிய இஞ்சினைத் தூக்கி வெச்சு, ரோட்டுல போனா ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி செஞ்சு குடுப்பார். ஹாட் ராட்னு பேரு. அந்த வண்டியில அடிச்சட்டம்... பட்டறையில சேஸ்னு சொல்லுவாங்க... அது வெளிய தெரியும். அதனால அழகுக்கு அதுல வரிசையா, வட்ட வட்டமா ஓட்டை போடுவாங்க. காசு குடுத்து ஓட்டை போட்டுக்கறதான்னு சிரிக்காதீங்க. நாம காது குத்திக்கலையா?

ஆனா அதுக்கும் ஒரு முறை இருக்குதுங்க. சட்டத்தோட பலம் எங்க இருக்குது? மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும். நடுவுல ஓட்டை போட்டா பெரிய பாதகமில்ல. ஓரத்துல போட்டா... பாரம் ஏறும்போது அங்கதான் விரிசல் விடும். இது செங்கோடனுக்கும் தெரியும், அவர் சம்சாரம் பூங்கோதைக்கும் தெரியும். அந்தம்மா சாக்பீஸ்ல நடுவுல குறி போடும். இவர் ட்ரில் போடுவார். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தற தொழில்.

சபாபதின்னு ஒரு நகைக்கடைக்காரர் வண்டி செய்யக் குடுத்திருந்தார். என்ன ஆசை? மகளைக் கல்யாணத்தன்னைக்கு இந்த வண்டியிலதான் மண்டபத்துக்குக் கூட்டிட்டு வரணும்னு ஆசை.

ஒரு நாள் பூங்கோதை டீ போட உள்ள போயிருச்சு. செங்கோடனுக்கு சிநேகிதர் ஒருத்தர் போன் பண்றார். இவர் காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனைச் செருகிட்டு, "நமக்கெல்லாம் குறியே வேண்டாம் மாப்ளே, கண்ணை மூடிட்டுப் போடுவேன்"ங்கறார். சொல்லி வாய் மூடலை... ட்ரில் வழுக்கிருச்சு. ஓட்டை விழுந்தது எங்க? கீழ் ஓரத்துல!

இப்ப என்ன செய்யணும்? "அம்மிணி, கை தவறிப்போச்சு"ன்னு ஒரு குரல் குடுத்தா முடிஞ்சுது. குடுத்தாரா? எப்படிங்க குடுப்பார், ஆம்பளையாச்சே! யோசிச்சார். 'ஒரு ஓட்டை ஓரத்துல இருந்தா அது தப்பு. எல்லா ஓட்டையும் ஏறி இறங்கி இருந்தா... அது டிசைன்!' அவ்வளவுதான். அடுத்த ஓட்டை மேல் ஓரத்துல, அதுக்கடுத்தது கீழ் ஓரத்துல... சட்டம் முழுக்க போட்டுத் தள்ளிட்டார்.

டீயோட வந்த பூங்கோதை நின்னு பாத்துச்சு. "ஏனுங்க, நான் நடுவுலதானே குறி போட்டேன்?"

"அலை டிசைன் அம்மிணி! இதெல்லாம் உனக்குப் புரியாது."

அந்தம்மா டீயைக் கையில குடுத்துட்டுப் பேசாம போயிருச்சு. பொண்டாட்டி பேசாம போனா பயப்படணும், மாப்பிள்ளை... இதை மட்டும் எழுதி வெச்சுக்க.

சாயங்காலம் சபாபதி வந்தார். வாயைப் பொளந்துட்டார். "அண்ணா, பிரமாதம்! ஊர்ல எவன் வண்டியிலயும் இல்லாத டிசைன்! என் தம்பி வண்டியும் நாளைக்கு வருது. அதுலதான் மாப்பிள்ளை வர்றார். அதுக்கும் இதே அலையைப் போட்டுருங்க!"

செங்கோடனுக்கு அப்பத்தான் உறைச்சுது. ஒரு வண்டியில பொண்ணு... இன்னொரு வண்டியில மாப்பிள்ளை. பூங்கோதை சாக்பீஸை எடுத்துட்டு வந்து நின்னு, அமைதியாக் கேட்டுச்சு. "சொல்லுங்க, அந்த வண்டிக்குக் குறி எங்க போடட்டும்? நடுவுலயா... ஓரத்துலயா?"

மனுசன் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டார். "சபாபதி... அது டிசைன் இல்லப்பா. கை தவறுனது. அதை மறைக்கத்தான் மிச்ச ஓட்டையெல்லாம் போட்டேன். இந்த வண்டியில உன் பாப்பாவை ஏத்தாதே."

சபாபதி சும்மா விடுவாரா? கத்தினார், திட்டினார், பக்கத்துல இருந்த இன்னொரு ஸ்டூலை எட்டி உதைச்சார். செங்கோடன் புதுச் சட்டம் போட்டுத் தர்றேன்னு மட்டும் சொன்னார்.

சபாபதி போனதுக்கப்புறம் பொண்டாட்டியைப் பாத்து, "உனக்கு அப்பவே தெரியுமா?"ன்னார்.

"பாத்ததுமே தெரியுமுங்க."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க ஒத்துக்குவீங்களா? அது டிசைன்தான்னு நிரூபிக்க அடுத்த சட்டத்தையும் கெடுத்திருப்பீங்க. ஆனா ஒண்ணு, நீங்களா சொல்லியிருக்காட்டி இஞ்சின் ஏறுறதுக்கு முன்னால நானே அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்."

சிரிக்கறீங்க... சிரிங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்டுலயும் இதேதானே நடக்குது? கல்யாணமான புதுசுல ஒரு நாள், சோத்துல உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளி விட்டுர்றோம். கை தவறுன மாதிரி வாய் தவறிப் போச்சு. அன்னைக்கு ராத்திரியே "தப்புதான் கண்ணு"ன்னு சொல்லியிருந்தா அது அன்னைக்கோட போயிருக்கும். சொன்னோமா? கௌரவம் விடலை. மறுநாளும் கத்தினோம், அதுக்கு மறுநாளும் கத்தினோம். கடைசியில ஒரு பேரு வெச்சோம் பாருங்க... "என் சுபாவமே அப்படித்தான், எங்கப்பா மாதிரி!" அது சுபாவம் இல்லீங்க. என்னைக்கோ ஒரு நாள் மன்னிப்புக் கேக்காம விட்டது.

பொண்ணுங்க மட்டும் என்னங்க? ஒரு நாள் கோவத்துல மாமியாகிட்ட முகத்தைத் திருப்பிட்டு, "நான் யார்கிட்டயும் ஒட்ட மாட்டேன், நான் இப்படித்தான்"னு ஆயுசுக்கும் அதையே பிடிச்சுட்டு நிக்கறது இல்லையா?

மாப்பிள்ளை, அம்மிணி... ரெண்டு பேரும் தப்புப் பண்ணுவீங்க. பண்ணாம யாரும் குடும்பம் நடத்தலை. பண்ணுன அன்னைக்கே தப்புன்னு சொல்லிப்போடுங்க. பக்கத்துல உக்காந்திருக்கற உசுரு உங்களை நம்பித்தான் வண்டியில ஏறியிருக்குது.