டை நின்ன எடம்

இல்ல மாஸ்டர், இந்தத் தோட்டாப் பிரஸ்ஸுக்கு வேற டை அச்சு குடுங்கன்னு நான் கேட்டேனா? இதேதான் வேணும். பழைய எடத்துல நிக்கணும், அவ்ளோதான். திண்டிவனத்துலர்ந்து விழுப்புரம் வரைக்கும் இந்தப் பிரஸ்ஸ மடியில வச்சிக்கினு வர்றேன். இன்னா கனம்னு உங்களுக்கே தெரியும்.

தெரியுங்க, பாடம் எடுக்காதீங்க. சுட்ட தோட்டாக் கூடு உப்பிப்போவும். டைக்குள்ள வுட்டுக் கைப்பிடிய அழுத்தினா அமுங்கிப் பழைய அளவுக்கு வரும். டை மேல நின்னா கூடு ரைஃபிள்ல ஏறாது, ரொம்பக் கீழ எறங்கினா லொடலொடன்னு ஆடும். எம்பையன் லூர்து பிரகாஷு உங்க கிளப்புல சுட்டுக்கினு இருந்தப்ப, இம்மி இம்மியாத் திருகி, ஒரு ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்து வச்ச எடம் அது. பூசைக்குக் கூட வரல. நான் கத்துன கத்துல தெருவே வாசல்ல நின்னுச்சி.

யாரு மாத்துனதா? என் மச்சான் பிரான்சிஸ்தான். துரு புடிச்சிருக்காம். டைய எடத்துல நிறுத்துற லாக் நட்டக் கழட்டி, டைய மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, கை போற மட்டும் முறுக்கி வச்சிட்டான். மாமா, புதுசாட்டம் ஆயிடுச்சி பாருங்கன்றான். பொண்டாட்டி மூஞ்சிக்காக வுட்டேன், இல்லன்னா அவன முறுக்கியிருப்பேன்.

பையனையே வைக்கச் சொல்றதா? அவன் வர்ற நெலமையில இல்ல. வுடுங்க அத்த.

சுமாரா வச்சித் தர்றேன்னா எப்படிங்க? சுமாரா நானே வைக்க மாட்டனா? திருகித் திருகி வெரல் தோலே போச்சி. மல்லாட்ட மண்டியில கடலையோட கொணத்தக் கொறச்சிச் சொல்லி, வெலயக் கொறச்சி முன்னுக்கு வந்தவன் நான். உங்ககிட்ட ஒரு வார்த்த பேரம் பேசுனனா?

ரைஃபிளா? அதுல ஏத்திப் பார்த்தாத்தான் வைக்க முடியுமா? ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சுங்க. எலக்சன் நேரத்துல வாங்கி வைப்பாங்களே, அப்படி இல்ல. மொத்தமா. லைசென்ஸ்காரனுக்குத் தன் பேரே தெரியலன்னா வேற இன்னா பண்றது?

பையன் பைபாஸ்ல வண்டியோட வுழுந்தான். மண்டையில அடி. அவங்க அம்மா கிளாராவையே யாரோ பார்க்க வந்த பொம்பளையாட்டம் பார்க்கிறான். சோறு ஊட்டினா துப்பிடுவான். ஒரு நாளு, சொம்மா பார்ப்பமேன்னு இந்தப் பிரஸ்ஸ முன்னால வச்சேன். காலிக் கூட்ட எடுத்து அவனே மாட்டினான் மாஸ்டர். கைப்பிடிய அழுத்தினான். டை சரியா நின்னா அடியில வந்து லேசா ஒரு இடி இடிக்கும் பாருங்க, அதுக்குத் தலைய ஆட்டினான். சரின்னு. அத்தோட சோத்துக்கு வாயத் தொறந்தான். அப்புறம் தெனமும் அப்படித்தான், வெடிமருந்தில்ல கிருந்தில்ல, அதே வெறுங் கூடு, ஒரு அழுத்து, ஒரு வாய்.

இப்ப அழுத்திப் பார்க்கிறான், தள்ளி வுட்டுட்றான். நான் எங்க திருகி வச்சாலும் தள்ளி வுட்டுட்றான்.

சரி, உங்க கைக்கு எது நாயமாப் படுதோ அங்க வைங்க. ஜல்தி வைங்க மாஸ்டர். நேத்திலர்ந்து அவன் சாப்பிடல.