முப்பத்தேழாம் நாள் எடை

மதியத்துக்குத் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தால் எனக்குப் போதும். அதைத்தான் தினமும் சம்பூர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒளித்து எதுவும் செய்யவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் மீனவக் குப்பம் அது. சம்பூர்ணத்தின் கணவர் சம்பத் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. கங்கையம்மன் கோயிலில் நாற்பத்தெட்டு நாள், மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தீர்த்தம் மட்டும் குடித்துக் கிடந்தால் அவர் வந்துவிடுவார் என்று சம்பூர்ணம் விரதம் இருந்தார். இருபத்தைந்து நாள் கழித்தும் எழுந்து நடமாடினார். ஊரே கும்பிட்டது. நான் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் அளவெடுத்தவன். நம்பவில்லை.

"சந்தேகம்னா நீயே வந்து குந்து சார்" என்றார் ஊர்த் தலைவர் பக்தவச்சலம். போய் உட்கார்ந்தேன்.

நான் போன முதல் நாளே என் சர்க்கரை மெஷினில் ஒரு சொட்டுத் தீர்த்தம் விட்டுப் பார்த்தேன். எண் எகிறியது. சம்பூர்ணத்தின் தங்கை பானுமதி யாருக்கும் தெரியாமல் குளுக்கோஸும் கஞ்சித் தெளிவும் கலந்துகொண்டிருந்தார்.

"சொம்புல கை வெக்காத சார். அவ செத்துருவா. அவளுக்கு ஒண்ணியும் தெரியாது" என்று அழுதார்.

இனிமேல் கலந்தால் அக்காவிடமே சொல்லிவிடுவேன் என்றேன். விரதம் என்றோ முறிந்துவிட்டது என்று தெரிந்தால் அக்கா கடலில் இறங்கிவிடுவாள் என்பது பானுமதியின் பயம். அதனால் ஊராரிடமும் அவர் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மஞ்சளும் வேப்பிலையும் மட்டும் போட்டுத் தீர்த்தத்தை நானே கலந்தேன்.

சம்பூர்ணத்தின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. பசி தாங்காமல் அவரே ஒரு வாய் சோறு கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர் துவளத் துவள, அம்மன் இறங்கிவிட்டாள் என்று ஊரார் மாலை போட்டார்கள். நான் தினமும் எடை பார்த்து நோட்டில் குறித்தேன். நிற்க முடியாமல் போனதும் மீன் தராசில் பலகையோடு படுக்கவைத்து, பலகையின் எடையைக் கழித்துக்கொண்டேன்.

"இன்னா சார், தீர்த்தம் வெறும் கசப்பா கீது?" என்று ஒருமுறை கேட்டார்.

"வேப்பிலை அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

முப்பத்தேழாம் நாள் காலையில் மூச்சு இல்லை. அன்றைய எடையையும் குறித்தேன். முப்பத்தொரு கிலோ நானூறு.

ஆமாம், கஞ்சியை நிறுத்தியது நான்தான். செத்துவிடுவாள் என்று பானுமதி சொன்னதுகூட நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஆனால் சம்பூர்ணம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கடைசி நாள்வரை டிபன் பாக்ஸில் ஒரு கைப்பிடி மிச்சம் வைத்திருந்தேன், ஐயா.