சோபாவிலிருந்து விழுந்த குழந்தை

எல்கின்: யூரானிஸ் அக்கா... உள்ள வரலாமா? வெயில் மண்டையைப் பிளக்குது.

யூரானிஸ்: கதவு திறந்துதான கிடக்கு. குளிச்சு உடுப்பு மாத்த வந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பணும். அது என்ன கையில?

எல்கின்: அரேப்பா. சோள மாவுக்குள்ள முட்டை வெச்சுப் பொரிச்சது. உனக்குப் பிடிக்குமேன்னு...

யூரானிஸ்: என் குழந்தை மூக்குல குழாயோட கிடக்கு. நான் அரேப்பா தின்னணுமா? உன் பொண்டாட்டி வரலையா?

எல்கின்: தூபிஸா... எந்த மூஞ்சியோட வருவா? நம்பி அவகிட்ட விட்டுட்டு நீ வேலைக்குப் போன. சோபாவுலேர்ந்து உருண்டு விழுந்துட்டா உன் பொண்ணு லூஸ் தாரி. அவ்வளவுதான்...

யூரானிஸ்: அவ்வளவுதானா? உங்க சோபா என் முழங்கால் உயரம்கூட இல்லடா. வெளிய ஒரு வீக்கம் இல்ல, ஒரு கீறல் இல்ல. உள்ள மூளையைச் சுத்தி ரத்தம். ரெண்டு கண்ணுக்குப் பின்னாலயும் ரத்தம்.

எல்கின்: டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க...

யூரானிஸ்: யாரோ பிடிச்சுக் குலுக்கியிருக்காங்கன்னு சொன்னாங்க. சொல்லிட்டு என்னைத்தான் பார்த்தாங்க. என்னை! குழந்தை நல ஆபீஸ்லேர்ந்து ஒருத்தி வந்து, நீங்க கோவக்காரியான்னு கேக்குறா. இப்போ வந்து கேக்கட்டும், ஆமான்னு சொல்றேன்.

எல்கின்: மெதுவா... அக்கம்பக்கத்துல...

யூரானிஸ்: கேக்கட்டும்டா! பார்ராங்கியா ஊர் முழுக்கக் கேக்கட்டும்!

எல்கின்: நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாமே அக்கா. ஒரே ரத்தம்...

யூரானிஸ்: யுனிவர்சிட்டியில ஒரு வக்கீலம்மா காசு வாங்காம யோசனை சொல்றாங்க. அவங்ககிட்டக் கேட்டுட்டேன். பச்சக் குழந்தையை இப்படிப் பண்ணினா வீட்டுக்குள்ள சமாதானம் செல்லாதாம். கிரிமினல் புகார்தான். தண்டனை ஆனதும் அதே கோர்ட்டுல நஷ்டஈடு கேக்கலாம். வலது கை அசையலடா அவளுக்கு. நடப்பாளா, பேசுவாளான்னு ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்குறான்.

எல்கின்: புகார் குடுத்தாலும்... யாரு பார்த்தா? சாட்சி வேணுமில்ல?

யூரானிஸ்: அதைத்தான் கேக்குறேன். நீ வீட்டுல இருந்தியா?

எல்கின்: நானா... நான் எதுக்கு...

யூரானிஸ்: மேட்ச் நடக்குற அன்னிக்கு நீ என்னிக்குடா டீவியை விட்டு எழுந்திருக்க?

எல்கின்: சரி, இருந்தேன். லூஸ் தாரி கத்திக்கிட்டே இருந்தா அக்கா. நிறுத்தவே இல்ல. அங்க அடுத்தடுத்து ரெண்டு கோல் வாங்கிட்டோம். காதுல ஒண்ணும் விழல...

யூரானிஸ்: அப்புறம்?

எல்கின்: அப்புறம்... தூபிஸ்தான். தூக்கி நாலு உலுக்கு உலுக்கினா. நான் பார்த்தேன்.

யூரானிஸ்: தூபிஸா?

எல்கின்: அவளுக்குக் கை கொஞ்சம் முரடு. உனக்குத் தெரியாததா?

யூரானிஸ்: இதைக் கோர்ட்டுல வந்து சொல்வியா? பொண்டாட்டிக்கு எதிரா சாட்சி சொல்லுன்னு யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டாங்க. நீயா இஷ்டப்பட்டாத்தான்.

எல்கின்: சொல்றேன். குழந்தைக்காகச் சொல்றேன்.

யூரானிஸ்: புருஷனுக்கு எதிரா சொல்வியான்னு வக்கீலம்மா காலையில தூபிஸ்கிட்டயும் கேட்டாங்க. சொல்றேன்னுட்டா. லூஸ் தாரியை அவகிட்டேர்ந்து குலுக்குறதுக்கு நீ பிடுங்கினப்போ பதிஞ்ச உன் நகத் தடம், இன்னும் அவ கையில இருக்கு... கத்தாத எல்கின். உள்ரூம்லதான் உக்காந்திருக்கா. நீ சொன்னது ஒண்ணு விடாம அவ காதுல விழுந்தாச்சு.